எந்தக் காலாள்? ஒரு சின்னக் கிரேக்க நகரத்தின் கணக்கு

கி.மு. 400-ஐ ஒட்டிய ஏதோ ஒரு வருடம் என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரமான ஒரு கிரேக்க நகரம். சண்டைக்குப் போகிற வயதில் மூவாயிரம் ஆண்கள். மூன்று பக்கம் மலை, நடுவில் வாற்கோதுமையும் ஆலிவும் விளைகிற ஒரு சமவெளி. பக்கத்து ஊரோடு தீராத எல்லைத் தகராறு. குதிரை வளர்க்க மேய்ச்சல் நிலம் போதாது, கப்பல் கட்டப் பணம் கிடையாது. சபை கூடி ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்ய வேண்டும்: எந்த மாதிரிக் காலாட்படையை வைத்துக்கொள்வது?

பழைய கிரேக்கப் போர்களில் ஆர்வம் உள்ளவர்களும், அதைக் கணினியில் விளையாடுகிறவர்களும் வழக்கமாகக் கேட்பது, யாரும் யாரும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்பதைத்தான். சபையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது நாலாவது கேள்வி. ஆயுதம் யார் செலவு, அறுவடை சமயத்தில் இந்த ஆட்கள் எங்கே இருப்பார்கள், எந்த மாதிரித் தரையில் சண்டை நடக்கும், இந்த மூன்றும் அதற்கு முன்னால் வந்துவிடும். அப்படி வரிசை போட்டுப் பார்த்தால் என் ஓட்டு எதற்கு என்பதைச் சொல்கிறேன்.

பழைய காவியத்தில் வருகிற காலாளை முதலில் பார்த்துவிடலாம், சீக்கிரம் முடிந்துவிடும். ட்ராய் போரைப் பாடும் கிரேக்கக் காவியமான இலியட்டில் தரையில் நின்று போரிடுகிறவர்களுக்கு ‘புருலேயெஸ்’ என்று ஒரு பழைய சொல் சில இடங்களில் வருகிறது. அன்றாடப் பேச்சுக்கு உரியது அல்ல, கவிதைக்கே உரிய சொல். பதினொன்றாம் காண்டத்தில் கிரேக்கத் தலைவர்கள் அகழியோரம் வந்ததும், குதிரைகளை இங்கேயே வரிசையாக நிறுத்தி வை என்று தேர்ப்பாகனிடம் சொல்லிவிட்டு, கவசத்தோடு கீழே இறங்கி விரைகிறார்கள். அங்கே அவர்களுக்கு அந்தப் பெயர். ட்ராய் மன்னர் பிரியாமின் மகன் பொலிடோரஸைக் கிரேக்க வீரன் அகிலீஸ் கொன்றதும் புருலேயெஸின் முன்வரிசையில்தான். ஆக, இளவரசர்களுக்கும் இந்தப் பெயர் பொருந்துகிறது. தேர், பாகன், உடம்பு முழுக்க வெண்கலம் என்று இருப்பவர்கள் நம் ஊரில் இருபது பேர் தேறினால் அதிசயம். ஊரைக் காக்க இது ஆகாது.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த ஹோப்லைட். கிட்டத்தட்ட 90 செ.மீ. அகலமான வட்டக் கேடயம், எடை 7 கிலோ அளவில். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே போகிற ஈட்டி. தலைக்கவசம், வசதி இருந்தால் மார்க்கவசமும் முழங்கால் காப்பும். பொதுவாக எட்டு வரிசை ஆழத்தில், தோளோடு தோள் நிற்பார்கள். கேடயம் இடக் கையில் இருப்பதால் ஒருவனுடைய வலப்பக்கம் அடுத்தவனின் கேடயத்தை நம்பி நிற்கும். அதனால்தான் படை முன்னேறும்போது மொத்த வரிசையும் மெல்ல வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும் என்று, கி.மு. 418-இல் நடந்த மாண்டினியா போரைச் சொல்லும் இடத்தில் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் விளக்குகிறார். பயம் எப்படி ஒரு படையின் திசையையே மாற்றும் என்பதற்கு இதைவிட நேரான குறிப்பை நான் படித்ததில்லை.

சபைக்கு இந்த ஏற்பாட்டில் பிடித்தது அதன் விலை. ஆயுதம் அவரவர் சொந்தச் செலவு. கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிய ஓர் ஏதென்ஸ் கல்வெட்டு, சலாமிஸ் தீவில் குடியேறியவர்கள் 30 திராக்மா (கிரேக்க வெள்ளிக் காசு) மதிப்புள்ள ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. நிலம் உள்ள விவசாயி அதை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டி வைப்பான், மகனுக்கும் அது போகும். கஜானாவில் கை வைக்க வேண்டியதில்லை. பயிற்சியும் பெரிதாகத் தேவையில்லை. ஸ்பார்ட்டாவைத் தவிர வேறு எந்த ஊரிலும் வருடம் முழுக்க அணிவகுப்புப் பழகியவர்கள் அநேகமாக இல்லை. வரிசையில் நில், ஓடாதே, அவ்வளவுதான். சண்டையும் ஒரு பகலில் முடிந்துவிடும். தோற்றவன் பிணங்களை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு ஆள் அனுப்புவான், ஜெயித்தவன் களத்தில் வெற்றிச் சின்னம் நட்டுவிட்டு வீட்டுக்குப் போவான்.

ஜெயித்தால் இழப்பும் குறைவு. பாரசீகரோடு மோதிய மராத்தான் போரில் ஏதென்ஸ் தரப்பில் செத்தவர்கள் 192 பேர் என்று வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கணக்குச் சொல்கிறார். அவர் சொல்லும் பாரசீகர் இழப்பு 6,400.

சரி, பிறகு என்ன குறை? எதிரியும் அதே மாதிரி வந்து, சமதரையில், அதே விதிப்படி நிற்க வேண்டும். நிற்க மாட்டேன் என்று அவன் முடிவு செய்துவிட்டால் ஹோப்லைட் திண்டாடிப் போவான். இதை அனுபவித்துக் கற்றவர் ஏதென்ஸ் தளபதி டெமாஸ்தனிஸ். (பின்னாளில் வந்த பேச்சாளர் வேறு ஆள்.) கி.மு. 426-இல் அவர் ஏட்டோலியா மலைப்பகுதிக்குள் படையோடு புகுந்தார். ஏட்டோலியர்களிடம் கனமான கவசம் கிடையாது, எறியீட்டிகள் மட்டும்தான். ஏதென்ஸ் படை முன்னேறினால் பின்வாங்கினார்கள், பின்வாங்கினால் மேலே இருந்து ஓடிவந்து எறிந்தார்கள். வில்லாளிகளிடம் அம்பு இருந்தவரை சமாளிக்க முடிந்தது. வில்லாளிகளின் தலைவன் செத்ததும் அதுவும் போயிற்று. வழிகாட்டியும் செத்தான். தப்பி ஓடியவர்கள் வெளியேற வழியில்லாத ஓடைப் பள்ளங்களில் மாட்டினார்கள், காட்டுக்குள் போனவர்களைச் சுற்றித் தீ வைத்தார்கள். ஏதென்ஸ் ஹோப்லைட்டுகளில் 120 பேர் போனார்கள். டெமாஸ்தனிஸ் ஊர் திரும்பவே பயந்து நௌபாக்டஸ் பக்கமே இருந்துவிட்டார்.

அடுத்த வருடமே அவர் அதே பாடத்தைத் திருப்பி எழுதினார். ஸ்பாக்டீரியா தீவில் 420 ஹோப்லைட்டுகள் ஸ்பார்ட்டா தரப்பில் சிக்கியிருந்தார்கள். ஏதென்ஸ் 800 ஹோப்லைட்டுகளை இறக்கியது, ஆனால் அவர்களைக் கொண்டு மோதவில்லை. 800 வில்லாளிகள், அதே அளவு பெல்டாஸ்டுகள் (இலேசான கேடயமும் எறியீட்டியும் கொண்டவர்கள்), இவர்களோடு கப்பல்களிலிருந்து துடுப்பு வலிக்கிறவர்களில் பெரும்பாலோர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேடுகளில் ஏறி நின்றார்கள். ஸ்பார்ட்டா வீரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகுப் பக்கம் அடி விழுந்தது. கொஞ்ச நாள் முன்பு எரிந்த காட்டின் சாம்பல் வேறு கிளம்பிக் கண்ணை மறைத்தது. 292 பேர் உயிரோடு பிடிபட்டார்கள். ஸ்பார்ட்டாக்காரன் சரணடைவான் என்பதையே கிரேக்க உலகம் நம்பத் தயாராக இல்லை. செத்தவர்கள்தான் வீரர்களோ என்று ஒருவன் குத்தலாகக் கேட்டபோது, வீரனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிற அம்பு இருந்தால் அதற்கு நல்ல விலை உண்டு என்று கைதி ஒருவன் பதில் சொன்னானாம். அதில் உள்ள கசப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சபையில் இருப்பவனுக்கு அம்பு யாரைத் தேர்ந்தெடுக்கிறது என்பது கவலை இல்லை.

அப்படியென்றால் பெல்டாஸ்டா? பெயர் ‘பெல்டே’ என்கிற இலேசான கேடயத்திலிருந்து வந்தது. திரேசிய நாட்டுப் பாணி: பிறை வடிவம், பின்னிய மிலாறு, மேலே தோல். கையில் சில எறியீட்டிகள், அவற்றில் விரலை மாட்டி வீச ஒரு தோல்வார். மார்க்கவசம் கிடையாது. ஒரு ஹோப்லைட்டின் சாமான் செலவில் பல பேருக்கு இதை வாங்கித் தரலாம். ஓடத் தெரிந்தவன், மலை ஏறிப் பழகியவன், ஆடு மேய்ப்பவன் மகன், இவர்கள் போதும்.

இவர்களைப் பற்றிப் பேசும்போது கி.மு. 390-இல் கொரிந்துப் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் முடியாது. அதற்குக் கொஞ்ச காலம் முன்னால், தங்கள் கூட்டாளிகளான மாண்டினியர்கள் பெல்டாஸ்டுகளைக் கண்டு ஓடியதைப் பார்த்து, குழந்தைகள் பூச்சாண்டிக்குப் பயப்படுகிற மாதிரி பயப்படுகிறார்கள் என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் கேலி செய்திருந்தார்கள். அப்புறம் ஒரு நாள் அவர்களே, சுமார் 600 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவு, திருவிழாவுக்கு ஊர் திரும்பும், தங்கள் படையில் இருந்த அமிக்லே ஊர் ஆட்களை வழியனுப்பிவிட்டு லெக்கேயம் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். கூடவே குதிரைப்படையும் இல்லை, பெல்டாஸ்டும் இல்லை. கொரிந்து மதிலிலிருந்து ஏதென்ஸ் தளபதி இபிக்ரதீஸ் தன் பெல்டாஸ்டுகளோடு இறங்கினார்.

ஈட்டிகள் விழ ஆரம்பித்ததும் ஸ்பார்ட்டா தளபதி தன் படையில் இளவயதினரைத் துரத்தச் சொன்னார். ஏழு கிலோ கேடயத்தோடு ஓடுகிறவன் எறியீட்டி மட்டும் வைத்திருப்பவனை எப்படிப் பிடிப்பான்? பிடிக்க முடியாமல் மூச்சு வாங்கித் திரும்பும்போது, வரிசை கலைந்த அந்த முதுகுகள் மேல் அடுத்த சுற்று விழுந்தது. மறுபடி துரத்தினார்கள், மறுபடி அதே கதை. கடைசியில் கடலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குன்றில் ஒதுங்கினார்கள். அங்கிருந்தும் உடைந்து சிலர் கடலுக்குள் ஓடினார்கள். சுமார் 250 பேர் செத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் செனோபோன் எழுதுகிறார். செய்தி தெரிந்த ஸ்பார்ட்டா அரசர் அகெசிலாஸ் ஊர் திரும்பும் வழியில், இருட்டிய பிறகே நகரங்களுக்குள் தங்கி விடிவதற்குள் கிளம்பினார். மாண்டினியாவை இருட்டிலேயே கடந்துபோனார். பூச்சாண்டிக் கேலியை அந்த ஊர்க்காரர்கள் மறந்திருப்பார்களா என்ன!

ஆனால் இந்தக் கதையை முழுதாகப் படித்தால் பெல்டாஸ்ட் கட்சிக்காரர்கள் விட்டுவிடுகிற ஒரு வரி இருக்கிறது. குன்றின் மேல் நின்றவர்கள் எப்போது உடைந்தார்கள்? கல்லியாஸ் தலைமையில் ஏதென்ஸ் ஹோப்லைட்டுகளும் தங்களை நோக்கி வருவதைப் பார்த்தபோது. நாள் முழுக்க அரித்தெடுத்தவர்கள் இலேசான ஆட்கள்தான். ஆனால் நகர்த்த முடியாத ஒரு கூட்டம் பின்னால் வருகிறது என்ற நிலை இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. பெல்டாஸ்ட் ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்க மாட்டான். எதிரியின் ஹோப்லைட்டுகள் நம் சமவெளிக்குள் இறங்கி நிதானமாக ஆலிவ் மரங்களை வெட்ட ஆரம்பித்தால், அவன் தொல்லை கொடுப்பான், விரட்டுவான் என்று சொல்ல முடியாது.

கவண்காரர்களும் வில்லாளிகளும் இதே வகையில் வருவார்கள், ஆனால் திடீரென்று உருவாக்க முடியாதவர்கள். நல்ல வில்லாளி என்றால் கிரீட், நல்ல கவண் என்றால் ரோட்ஸ் தீவு. கி.மு. 401-இல் பாரசீகத்துக்குள் மாட்டிய கிரேக்கக் கூலிப்படை பின்னாலிருந்து அடிபட்டபோது, படையில் சிப்பாய்களாக இருந்த ரோட்ஸ்காரர்களைத் தேடிப் பிடித்து 200 பேர் கொண்ட கவண் குழுவை ஒரே இரவில் அமைத்தார்கள். அவர்களது ஈயக் குண்டு பாரசீகக் கவண்கல்லைப் போல இரண்டு மடங்கு தூரம் போயிற்று. அது முடிந்ததற்குக் காரணம் அவர்கள் சிறுவயதிலிருந்து அதைப் பழகியிருந்தது. நம் மலை மேய்ப்பர்களிடம் கவண் இருந்தால் நல்லது, இல்லையென்றால் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு தலைவலி, தேவைப்படும்போது கூலிக்கு எடுத்தால் என்ன என்று சபையில் யாராவது ஒரு பணக்காரர் நிச்சயம் எழுந்து கேட்பார். விலை இது: பாரசீக இளவரசன் சைரஸ் தன் கிரேக்கக் கூலிப்படைக்கு முதலில் ஆளுக்கு மாதம் ஒரு டாரிக் என்கிற தங்கக் காசு கொடுத்தார், பிறகு ஒன்றரை ஆக்கினார். நம் கஜானா இரண்டு மாதம் தாங்காது. அப்புறம் வேலை இல்லாதபோது அந்த ஆட்களை என்ன செய்வது? கி.மு. 413-இல் ஏதென்ஸ் சிசிலிப் போருக்காக 1,300 திரேசியப் பெல்டாஸ்டுகளை வரவழைத்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் கப்பல்கள் கிளம்பிவிட்டன. ஆளுக்கு நாளுக்கு ஒரு திராக்மா கொடுத்து வைத்துக்கொள்ள முடியாமல், போகிற வழியில் எதிரிகளுக்கு முடிந்த சேதம் செய்துவிட்டுப் போகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் மிகலேசஸ் என்ற சின்ன ஊருக்குள் விடிகாலையில் புகுந்து பெண்கள், குழந்தைகள், மாடு எதையும் விடாமல் கொன்றார்கள். அப்போதுதான் பிள்ளைகள் உள்ளே போயிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அத்தனை பேரையும் வெட்டினார்கள். உணர்ச்சிவசப்படாத துசிடிடீஸ் கூட அந்த இடத்தில் பொறுக்க முடியாமல் எழுதுகிறார். கூலிப்படை வேண்டாம் என்பதற்கு நான் வேறு வாதம் சொல்லப் போவதில்லை.

மிச்சம் இருப்பது சாரிஸ்ஸா என்கிற மிக நீளமான ஈட்டி. கி.மு. 400-இல் இது இல்லை. ஆனாலும் கொஞ்சம் முன்னால் தாவிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பிற்காலத்தில் பல கிரேக்க ஊர்கள் இதற்காக ஆசைப்பட்டன. மாசிடோனியாவின் இரண்டாம் பிலிப் கி.மு. 359-இல் ஆட்சிக்கு வந்த பிறகு உருவாக்கிய படை: இரண்டு கையாலும் பிடிக்கிற, ஐந்து மீட்டருக்கும் நீளமான ஈட்டி. சின்னக் கேடயத்தைக் கழுத்திலிருந்து வார் போட்டுத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். முதல் வரிசைக்கு முன்னால் ஐந்து வரிசையின் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் என்று பிற்கால வரலாற்றாசிரியர் பொலிபியஸ் கணக்குப் போடுகிறார். முன்னாலிருந்து அதை உடைக்க எவராலும் முடியாது என்றும் அவரே சொல்கிறார்.

ஆயுதம் மட்டும் பார்த்தால் மலிவு. ஒரு நீளக் கழியும் இரும்பு முனையும்தானே. ஆனால் ஐந்து மீட்டர்க் கழியோடு பதினாறு வரிசை சேர்ந்து திரும்புவதற்கு வருடக்கணக்கில் பழக்கம் வேண்டும். பழகுகிற நாளில் அவன் நிலத்தை யார் உழுவது? பிலிப் தன் ஆட்களை முழு ஆயுதம், தீனி எல்லாம் சுமக்கவைத்து 300 ஸ்டேடியம், அதாவது 50 கி.மீ.க்கும் மேல், நடக்கவைத்தாராம். அவரால் முடியும். பங்கையான் மலைப்பக்கச் சுரங்கங்களிலிருந்து வருடத்துக்கு ஆயிரம் டாலெண்ட் (ஒரு டாலெண்ட் 6,000 திராக்மா) வந்தது என்று வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். நமக்கு வாற்கோதுமைதான் வருகிறது.

சுரங்கம் இல்லாமலும் சிலர் முயன்றார்கள், நியாயமாக அதையும் சொல்ல வேண்டும். தெற்குக் கிரேக்க நகரங்கள் சேர்ந்த அக்கேயர் கூட்டணியின் படை நீளமான, இலேசான கேடயமும் குட்டை ஈட்டியும் வைத்திருந்தது. தூரத்தில் சுறுசுறுப்பாக இருந்தார்கள், நெருங்கினால் உடைந்தார்கள். தளபதி பிலோபோமென் அவர்களைச் சாரிஸ்ஸாவுக்கு மாற்றினார். எட்டு மாதத்துக்குள் படையைத் தயார் செய்து கி.மு. 207-இல் மாண்டினியாவில் ஸ்பார்ட்டாவின் மக்கானிடாஸை எதிர்கொண்டார். ஜெயித்தார், எதிரி தரப்பில் நாலாயிரம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். ஆக எட்டு மாதம் போதும் என்று ஒருவர் வாதாடலாம். ஆனால் போர் எப்படி நடந்தது என்று பாருங்கள். மக்கானிடாஸின் கூலிப்படை ஒரு பக்கம் ஜெயித்த உற்சாகத்தில் துரத்திக்கொண்டு தூரம் போய்விட்டது. மிச்சமிருந்த ஸ்பார்ட்டா வரிசை நடுவில் இருந்த ஒரு வறண்ட பள்ளத்தில் இறங்கி ஏற முயன்றது. ஏறுகிறவன் மேல் மேலிருந்து நீள ஈட்டியை இறக்குவதற்குப் பெரிய தேர்ச்சி தேவையில்லை. அந்த வெற்றியில் பாதி அந்தப் பள்ளத்துக்குச் சேரும்.

பத்து வருடம் கழித்துக் கைனோஸ்கெஃபலே மேடுகளில் ரோமானியரோடு நடந்த போரில் மாசிடோனியாவின் உண்மையான சாரிஸ்ஸா படையே சிதறியது. வலப்பக்கம் ஜெயித்துக்கொண்டிருந்தபோது இடப்பக்கம் கரடுமுரடான தரையில் வரிசை கூடவில்லை. ஒரு ரோமானிய அதிகாரி இருபது சிறு பிரிவுகளைத் திருப்பிக்கொண்டு முதுகுப் பக்கம் போனார். நீளக் கழியோடு திரும்ப முடியாது. செத்தவர்கள் 8,000. பள்ளமும் ஓடையும் மரமும் இல்லாத இருபது ஸ்டேடியம் தரை எங்கே கிடைக்கும் என்று பொலிபியஸ் கேட்கிறார். மூன்று பக்கம் மலை உள்ள நம் ஊரில் நிச்சயம் கிடைக்காது.

ஆகவே என் ஓட்டு இப்படி. ஹோப்லைட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளலாம். நிலம் உள்ள ஆயிரம் பேரிடம் ஏற்கெனவே ஆயுதம் இருக்கிறது, அதற்கு ஊர் புதிதாக ஒரு காசும் போட வேண்டாம். ஆழத்தைக் கூட்டுவது, தேர்ந்த ஆட்களைத் தனியாக நிறுத்துவது போன்ற, தீப்ஸ் நகரத்துப் படை செய்கிற வித்தைகளுக்கு ஆசைப்பட வேண்டாம். கஜானாவில் உள்ள பணம் முழுக்க, நிலம் இல்லாத மிச்சப் பேரில் அறுநூறு எழுநூறு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கேடயமும் எறியீட்டியும் கொடுத்துப் பழக்குவதற்குப் போகட்டும். மலைக் கணவாய் அவர்கள் பொறுப்பு. எதிரி சமவெளிக்கு வந்து சேர்வதற்குள் பாதி சோர்ந்திருக்க வேண்டும், அதன் பிறகு ஹோப்லைட் வரிசை முன்னால் நகரலாம். கூலி ஆள் யாரும் வேண்டாம், பழக்கித் தர ஒரு திரேசியன் கிடைத்தால் அவனை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. நான் இதுவரை பேசியது ஏழைகளுக்கும் சபையில் குரல் உள்ள ஊரை மனதில் வைத்து. நாற்பது குடும்பம் மட்டும் ஆளுகிற ஊராக இருந்தால் இந்த ஓட்டு அவர்களுக்கு ஆபத்து. கி.மு. 427-இல் மிடிலீன் நகரத்தை ஏதென்ஸ் முற்றுகையிட்டிருந்தது, தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. வெளியே பாய்ந்து மோதலாம் என்று நினைத்து, உதவிக்கு வந்திருந்த ஸ்பார்ட்டாக்காரர் சலேதஸ் அதுவரை இலேசான ஆயுதத்தோடு இருந்த பொதுமக்களுக்குக் கனமான ஆயுதங்களைக் கொடுத்தார். ஆயுதம் கைக்கு வந்ததும் அவர்கள் அதிகாரிகள் பேச்சைக் கேட்கவில்லை. கூட்டம் கூடினார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் ஒளித்து வைத்திருக்கும் தானியத்தை வெளியே எடுத்து எல்லோருக்கும் பங்கு போடுங்கள், இல்லையென்றால் ஏதென்ஸோடு நாங்களே பேசி ஊரைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள். பெரிய வீட்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் தாங்களே முந்திக்கொண்டு சரணடைந்தார்கள்.